வருவாய் தாரா விளையாட்டுகளும் நிவந்தமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று, முதலாம் இராசராசன் அக்கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குச் செய்த ஏற்பாட்டைக் கூறுகின்றது. பாடுவோர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல். இவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவர்க்குத் தகுதி இல்லையாயின் தகுதியுடைய மற்றொருவரை அமர்த்துதல் வேண்டும். இவ்வளவும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

பாட்டைக் கேட்க வந்தவர் எவரும் காசு கொடுத்து வந்தவரல்லர். ஆயினும் பாட்டு நின்றுவிடவில்லை. சங்க காலத்துப் பாணரும் விறலியரும் புரவலரை நாடி நடந்தவர்கள். புரவலன் மனம் உவந்து அளித்தது கொடை. புரவலர் குலம் அழிந்தபோது பாணர் மரபும் தேய்ந்தது. கோயிலில் பாடியவர்க்கு வைக்கப்பட்டதோ நிவந்தம். கொடுத்தவன் மறைந்த பின்னரும் கொடுத்துக்கொண்டேயிருப்பது நிவந்தத்தின் இயல்பு. ஓதுவார் மரபு இன்றளவும் அறுபடாமல் இருப்பதற்கு அது பெருங்காரணம்.

கொடைக்கும் நிவந்தத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, நம் நாட்டு விளையாட்டு வரலாற்றின் ஒரு கூற்றை ஈண்டு ஆராய்வோம். விளையாட்டுகள் இருவகைப்படும். மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு காண வரும் விளையாட்டு ஒருவகை. இந்நாட்டில் காற்பந்து அத்தகையது. ஆடுவோரும் அவர்தம் பெற்றோரும் ஆசிரியருமே கூடி நிற்கும் விளையாட்டு மற்றொரு வகை. ஓட்டம், ஹாக்கி, ரக்பி, நீச்சல், சடுகுடு முதலாயின இவ்வகையின. இவை தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள இயலாதவை. அங்ஙனமாயின் இவை இதுகாறும் எவர் கையால் உண்டு வாழ்ந்தன? இனி எவர் கையால் வாழும்? இவ்வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது.

அமெரிக்கக் கல்லூரிகள் காட்டும் பாடம்

இவ்வினா மிகுந்த வேகத்தோடு எழுந்துள்ள இடம் அமெரிக்கா. அங்குக் கல்லூரிகளுக்கிடையே முதன்முதலாக நடந்த போட்டி, 1852ஆம் ஆண்டில் ஹார்வர்டு, யேல் மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வின்னிபெசாக்கி ஏரியில் நடத்திய படகோட்டமாகும். அதற்குச் செலவு செய்தது ஓர் இரயில்வே நிறுவனம். ஏரிக்கரைக்குப் பயணிகளை இழுப்பதே அதன் நோக்கம். கல்லூரி விளையாட்டின் தொட்டிலை ஆட்டிய கையே வணிகரின் கை என்பது இதனால் விளங்கும்.

பின்னாளில் அமெரிக்கக் காற்பந்தும் கூடைப்பந்தும் பெரிய அரங்குகளை நிரப்பின. தொலைக்காட்சி வந்தபின் அவற்றின் வருவாய் பன்மடங்கு பெருகியது. அவ்வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டே பல பெரிய பல்கலைக்கழகங்கள் நீச்சல், மற்போர், படகோட்டம், லக்ரோஸ் ஆகியவற்றை நடத்தி வந்தன. லக்ரோஸ் என்பது நீண்ட கோலின் நுனியில் வலைப்பை கட்டி, அதனால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் ஆடும் ஆட்டம். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் உலகிற்கு அளித்தது. 1904, 1908 ஒலிம்பிக் விழாக்களில் இடம் பெற்றிருந்த இவ்வாட்டம், 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெறும் விழாவிலும் சேர்க்கப்பட்டுள்ளது. இத்துணைப் பெருமை இருந்தும், பெரும்பாலான கல்லூரிகளில் அது செலவுக் கணக்கிலேயே நிற்கின்றது.

2025 ஜூன் மாதத்தில், ஹவுஸ் வழக்கு எனப்படும் வழக்கில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் ஓர் உடன்பாட்டை ஏற்றது. அதன்படி, கல்லூரிகள் தம் விளையாட்டு வருவாயை ஆடுவோர்க்கே பகிர்ந்தளிக்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரி 20.5 மில்லியன் டாலர் வரை அளிக்கலாம். உழைத்தவர்க்குக் கூலி கிடைப்பது நீதியே. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளாகிய நாம் அதைக் குறைகூறுதல் ஆகாது. ஆனால் அப்பணம் பெரும்பாலும் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செல்லும் என்பதால், மற்ற விளையாட்டுகளுக்கு எஞ்சுவது என்ன என்ற அச்சம் பிறந்துள்ளது.

இங்கே இரண்டு நிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் 36 விளையாட்டுகளுள் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர் திரண்டெழுந்தனர்; பணம் திரட்ட முன்வந்தனர். 2021 மே மாதத்தில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மற்றொன்று: ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென உதவித்தொகை அளிப்பதில்லை, மேற்கூறிய வருவாய்ப் பகிர்விலும் அவை சேரவில்லை. ஆயினும் 2025ஆம் ஆண்டின் ஆடவர் லக்ரோஸ் வாகையர் பட்டத்தை வென்றது அவ்வெட்டனுள் ஒன்றாகிய கார்னெல். இறுதியாட்டத்தில் மேரிலாந்தை 13–10 என்ற கணக்கில் வென்றது. அப்பல்கலைக்கழகங்களின் வலிமை, முன்னாள் மாணவர் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த அறக்கட்டளைப் பொருளில் உள்ளது. நாம் நிவந்தம் என்று கூறியது அதனையே.

சிறு கல்லூரிகள் பிறிதொரு வழியைக் கண்டுள்ளன. அவை ஆடுவோர்க்கு உதவித்தொகை தருவதில்லை. புதிதாக ஒரு லக்ரோஸ் குழுவைத் தொடங்கினால், அதில் ஆட விரும்பும் மாணவர் பலர் கட்டணம் செலுத்திக் கல்லூரியிற் சேர்கின்றனர். அரங்கில் சீட்டு விற்காவிடினும், விளையாட்டு மாணவரைக் கொணர்ந்து கல்லூரியை வாழ்விக்கின்றது. வருவாய் தாராதது என்று நாம் எண்ணும் விளையாட்டு வேறொரு வாயில் வழியாக வருவாய் தருதலும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஒரு கப்பல் தந்த இரு கிண்ணங்கள்

இனி நம் நாட்டு வரலாற்றிற்கு வருவோம். கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தால் கட்டப்பட்ட ‘மலாயா’ என்னும் போர்க்கப்பல், 1921இல் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்புக்கு நன்றியாக, அக்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் இரண்டு கிண்ணங்களை நன்கொடையாக வழங்கினர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு.

இரண்டும் ஒரே கையால் ஒரே காலத்தில் தரப்பட்டவை. ஆயினும் அவற்றின் ஊழ் வேறு வேறாயிற்று. காற்பந்துக் கிண்ணத்திற்கான முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என்று வென்றது. அன்று தொடங்கிய ஆர்வம் ஆண்டுதோறும் வளர்ந்தது. லயங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பட்டணத்துக் கடைத்தெருக்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். 1967இல் அது மலேசியக் கிண்ணம் என்ற பெயரைப் பெற்றது. ரக்பிக் கிண்ணமோ மன்றங்களிலும் கல்லூரிகளிலும் படைப்பிரிவுகளிலும் ஆடுவோரின் சொந்த ஆர்வத்தால் வாழ்ந்து வந்தது. ஆட்டத்தின் அருமையில் குறைவில்லை. வாயிலில் காசு விழவில்லை. கிண்ணம் கொடுப்பது எளிது. ஆட்டத்தை வாழ்விப்பது வேறு செயல் என்பதை இவ்விரு கிண்ணங்களும் நமக்குக் கூறுகின்றன.

வாயிலில் காசு விழும் ஆட்டமும் நிலையானதன்று என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழி வளர்ந்த குழு, 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் நாட்டின் முதல்நிலைப் போட்டியில் ஆடியது. 2022ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் அது போட்டியிலிருந்து விலகிவிட்டது. காற்பந்துக்கே இந்நிலை என்றால் ஏனையவற்றைக் கூற வேண்டுவதில்லை.

சந்தாவும் வேலையும்

சீட்டு விற்காத விளையாட்டுகளுக்கு மலாயாவில் முதலில் உணவளித்தவை மன்றங்கள். 1884இல் தோன்றிய சிலாங்கூர் மன்றத்தின் உறுப்பினர் பெரும்பாலும் வெள்ளையர். அதன் முன்னிருந்த திடலில் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடப்பட்டன. அதைக் கண்ட ஏனைய இனத்தாரும் தத்தமக்கெனச் சங்கம் அமைத்தனர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தராக இருந்த தமிழர்கள் 1914இல் கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தம் மாதச் சம்பளத்திலிருந்து சந்தா செலுத்தித் தம் விளையாட்டைத் தாமே காத்தவர்கள் அவர்கள். அஃது எளிய வழி. ஆனால் உறுதியான வழி. நூறாண்டு கடந்தும் அச்சங்கத்தின் பெயர் நிலவுவது அதற்குச் சான்று.

அடுத்து வந்தது வேலை தரும் நிறுவனங்களின் காலம். இரயில்வே, காவல் துறை, படை, சுங்கத் துறை, மின்சார வாரியம் ஆகியவை நல்ல ஆட்டக்காரர்க்கு வேலை தந்தன. ஆட்டக்காரர் காலையில் அலுவலகத்திலும் மாலையில் திடலிலும் இருந்தனர். ஹாக்கியிலும் ஓட்டத்திலும் தமிழிளைஞர் பலர் முன்னேறியதற்கு இவ்வேலைகள் ஏணியாயின. தமிழ்நாட்டிலும் இரயில்வேயும் வங்கிகளும் காவல் துறையும் இதே தொண்டைச் செய்தன. சீட்டு விற்காத விளையாட்டில் வெல்பவனுக்கு உரிய பரிசு, முதுமை வரை சோறு போடும் உத்தியோகம் என்று பெற்றோர் கருதினர். அக்கருத்தில் பிழை இல்லை.

ஆனால் இதுவும் கொடையே. வாரியங்கள் தனியார் நிறுவனங்களாக மாறின. மின்சார வாரியமும் 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. அஃது இன்றும் ஹாக்கியைக் கைவிடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் ஆதாயக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஓட்டக்காரனுக்கென ஒரு நாற்காலியை ஒதுக்கி வைக்கும் என்று நாம் என்றென்றும் நம்பியிருத்தல் இயலாது.

அரசும் ஆட்டச் சூதும்

1966ஆம் ஆண்டு மலேசிய ஓட்டக்கலையின் பொற்காலம் எனலாம். அவ்வாண்டு பாங்காக் ஆசிய விளையாட்டு விழாவில் மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4 × 100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மகளிர் 400 மீட்டரில் இராஜாமணி தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள், முறியாமல் நின்றது. மருத்துவம் பயின்றுகொண்டே ஓடியவர் அவர். அவர்தம் ஓட்டத்தைக் காணச் சீட்டு வாங்கியவரைக் கொண்டு அச்சாதனை பிறக்கவில்லை. பள்ளியும் பல்கலைக்கழகமும் பயிற்றுநரும் அதைப் பிறப்பித்தனர்.

இவ்வெற்றிகளின் காலத்தில்தான் அரசும் விளையாட்டைத் தன் கடமையாக ஏற்றது. 1964இல் இளைஞர் விளையாட்டு அமைச்சு தோன்றியது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தேசிய விளையாட்டு மன்றம் அமைந்தது. பணத்திற்கு என்ன செய்வது? 1969இல் அரசு ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்னும் எண் பந்தய நிறுவனத்தை நிறுவி, அதன் ஆதாயத்தை இளைஞர்க்கும் விளையாட்டுக்கும் பண்பாட்டிற்கும் செலவிட முனைந்தது. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்த சூதே நம் பிள்ளைகளின் ஓட்டத்திற்குப் பொருள் தந்தது என்பதைத் தமிழாசிரியர் புன்னகையோடும் வருத்தத்தோடும் எண்ணுவர். 1985இல் அந்நிறுவனமும் தனியாரிடம் சென்றது.

இவ்வமைப்புகளின் பயனை மறுத்தல் நன்றி மறத்தலாகும். 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா நெதர்லாந்தை வென்று அரையிறுதிக்குச் சென்றது. அங்கு இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3–2 என்று தோற்று, நான்காம் இடம் பெற்றது. அக்காலத்தில் பள்ளித் திடல்தோறும் சிறுவர் மரக்கிளையை வளைகோலாகக் கொண்டு ஆடினர். எனினும் அரசின் பணம் பதக்கத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையது. பதக்கம் வருமென்று தோன்றும் விளையாட்டுக்கு நிதி பெருகும், தோன்றாததற்குச் சுருங்கும். நாட்டின் வருவாய் குறையும்போது முதலில் குறைவதும் இத்தகைய செலவே. 2016ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பொதுப் பல்கலைக்கழகங்களின் மானியம் குறைக்கப்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய காலத்தில் நூலகமும் ஆய்வகமும் தம் பங்கைக் கேட்டு நிற்கும் வரிசையில், சீட்டு விற்காத விளையாட்டு கடைசியில் நிற்கும்.

தோட்டப் பள்ளியின் திடல்

பல்கலைக்கழகத்திற்கு நேர்வது பள்ளிக்கு முன்னரே நேர்ந்துவிட்டது. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டுமென்று விதித்தது. அங்ஙனம் பிறந்த பள்ளிகளுக்குத் திடல் என்பது தோட்டத்தின் திடலே. லயத்திற்கும் ஆலைக்கும் இடையே கிடந்த அப்புல்வெளியில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவும் ஆடியது. பள்ளிப் பிள்ளைகளும் ஓடினர். விளையாட்டு நாளன்று கிராணியார் கோடு போட ஆள் அனுப்புவார். துரை பரிசு வழங்குவார். துரை நல்லவராயின் பரிசு பெரிது. அவர் மாறினால் அதுவும் மாறும். கொடையின் இயல்பு இதுவே.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520க்குச் சற்று மேற்பட்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நகரங்களாயின. இக்கட்டுரை எழுதப்படும் பெட்டாலிங் ஜெயாவே, 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். அத்தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராக நின்று நிலவுகின்றது. பெயர் காத்த பள்ளிகள் பல. திடல் காத்த பள்ளிகள் சில.

நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியிலும் ஆண்டுதோறும் திடலில் சுண்ணாம்புக் கோடு இடுகிறோம். அத்திடல் பள்ளியின் பெயரில் இல்லை. ஓராண்டு விளையாட்டு நாளுக்கு இரு வாரம் முன்னர், திடலின் ஒரு மூலையில் நில அளவைக்காரர் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துச் சென்றனர். எவரும் எங்களிடம் ஒன்றும் கூறவில்லை. பிள்ளைகள் அம்முளைகளைச் சுற்றிக்கொண்டு ஓடிப் பழகினர். நால்வர் ஓட வேண்டிய இடத்தில் மூவராக ஓட்டினோம். ஆசிரியப் பயிற்சியில் ஓட்டப்பாதைக்குக் கோடு இடக் கற்றேன். கோடு இடும் நிலத்தைக் காப்பது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை.

பணத்தின் நிலையும் அத்தகையதே. 2012 வரை தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவர் 24.50 ரிங்கிட்டும் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் 33.50 ரிங்கிட்டும் சிறப்புக் கட்டணமாகச் செலுத்தினர். விளையாட்டுக் கட்டணமும் அதனுள் அடங்கும். அரசு அதனை நீக்கித் தானே பொறுப்பேற்றது. ஏழைப் பெற்றோர்க்கு அது பெரும் ஆறுதல். அதை நாம் வரவேற்றோம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வரும் மானியத்தில் சிறிய பள்ளி என்றும் பின்தங்கும். 40 பேர் பயிலும் பள்ளிக்கும் 400 பேர் பயிலும் பள்ளிக்கும் ஒரு பந்தின் விலை ஒன்றே. மாவட்டப் போட்டிக்குச் செல்லும் பேருந்தின் வாடகையும் ஒன்றே.

நாம் செய்யத் தக்கது

இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மை ஒன்றே. மாலுமியின் கிண்ணமும், துரையின் பரிசும், வாரியத்தின் வேலையும், டோட்டோவின் ஆதாயமும், அரசின் மானியமும் தத்தம் காலத்தில் நற்பயன் விளைத்தன. ஆனால் அவை அனைத்தும் கொடுப்பவரின் நோக்கம் உள்ளவரையே நிற்பவை. சீட்டு விற்காத விளையாட்டுக்கு வேண்டுவது நிவந்தம்.

நிவந்தம் என்றவுடன் பேரரசனையும் பெருஞ்செல்வரையும் நினைத்தல் வேண்டா. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து பங்குப் பணம் செலுத்தினர். அச்சிறு தொகைகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. பால்மரம் சீவியவர் நிலத்துக்கு உரிமையாளராயினர். அதைச் செய்த சமுதாயம் தன் பிள்ளைகளின் ஓட்டப்பாதைக்கு ஒரு நிதி வைக்க இயலாதா?

முதற்கண், திடலைக் காத்தல் வேண்டும். தோட்டம் விற்கப்படும்போது பள்ளிக் கட்டடத்திற்கு மட்டும் நிலம் கேட்டு நின்றுவிடாமல், திடலுக்கும் பத்திரம் கேட்டுப் பெறுதல் பள்ளி மேலாளர் வாரியத்தின் கடமை. திடல் இல்லாப் பள்ளிக்கு எத்துணை நிதியும் பயன்படாது. அடுத்து, அண்மையிலுள்ள நான்கைந்து சிறிய பள்ளிகள் ஒன்றுகூடி ஒரே நிதியை அமைக்கலாம். முன்னாள் மாணவர் ஒவ்வொருவரும் விரும்பிச் செலுத்தும் சிறு தொகையை முதலாக வைத்து, அதன் வட்டியை மட்டுமே ஆண்டுதோறும் செலவிடலாம். பந்தையும் பேருந்தையும் பயிற்றுநரையும் அப்பள்ளிகள் பகிர்ந்துகொள்ளலாம். இராசராசன் கல்வெட்டைப் போலவே, பொறுப்பாளர் விலகினால் அடுத்தவர் யார் என்பதையும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிச் சென்றதும் படுத்துவிடும் விளையாட்டுக் குழுக்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம்.

ஓட்டமும் சடுகுடுவும் பெரும்பொருள் வேண்டாதவை. சடுகுடு 1990இல் ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று. 2014 முதல் இந்தியாவில் தொலைக்காட்சிப் பணமும் அதற்கு வந்தது. இன்று வருவாய் தாராதது நாளை தரவும் கூடும். ஆனால் அந்நாளை எதிர்பார்த்து நாம் பிள்ளைகளை ஓடச் சொல்வதில்லை. ஓடிய பிள்ளை மறுநாள் வகுப்பில் நிமிர்ந்து உட்காருகின்றது. தோற்ற பிள்ளை மீண்டும் முயலக் கற்கின்றது. இவ்வருவாய்க்குச் சீட்டு விற்கும் வாயில் வேண்டுவதில்லை. கோடு இடுவதற்கு நமக்கென்று ஒரு நிலம் வேண்டும்.